மூன்றாம் பத்தியில் இரண்டாவது வரி

உட்ரெக்ட், நெதர்லாந்து
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தொம்மைக்கு,

நான் நலம். நீ, கிளாரா, உங்கள் மகள் குட்டி வெனிலா, எல்லோருக்கும் மேலாகச் சின்னம்மா, அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்று இங்கே ஒருவன் நினைத்துக்கொண்டே இருக்கிறான். நம்பு.

என்னடா திடீரென்று கடிதம் என்று பார்க்காதே. போனில் பேசினால் நீ "சொல்லு, சொல்லு" என்கிறாய், நான் "அப்புறம்" என்கிறேன், அரை மணி போய்விடுகிறது. நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோமே, அப்படி எழுதுவோம். மெயிலில்தான் வரும் என்றாலும் கடிதம் கடிதம்தான். நீ எப்படியும் நாள் முழுக்கத் தமிழ் தட்டிக்கொண்டிருப்பவன்.

நம் அருளம்பட்டுக் கோயிலின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரைத் திண்டிவனத்தில் உன் கடையில்தான் அச்சுக்கோக்கிறார்கள் என்று எங்கள் ஆன்டனி அண்ணன் சொன்னார். மலர்க்குழுவுக்கே அவர்தான் தலைவராமே! வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தங்களை அறிமுகம் செய்து எழுத வேண்டுமாம். பட்டம், பதவி, சம்பளம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் யார், எதை நம்புகிறேன் என்று எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியது. கீழே இருக்கிறது. என் தமிழ் துருப்பிடித்துவிட்டது, நீதான் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

"நான் வளன். உங்கள் ஊர் எது என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். பிறந்தது அருளம்பட்டு. படித்தது திண்டிவனத்திலும் சென்னையிலும். வேலை பார்த்தது தோஹா, சிங்கப்பூர், இப்போது உட்ரெக்ட். கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தில் தண்ணீர் ஏறாமல் காப்பது என் தொழில்.

பத்தொன்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் நான் கற்றது ஒன்றுதான். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது, மண்ணில் இல்லை. தண்ணீருக்கு நாடு தெரியாது, சாதி தெரியாது. மனிதனை அவன் பிறந்த தெருவை வைத்து அளக்காத ஓர் உலகத்தின் குடிமகனாகவே என்னை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தத்துவத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. கீழ்த்தெரு இருதயமேரி சின்னம்மா கையால் கேப்பைக்களி தின்று வளர்ந்தவன் நான். என் ஆறு வயதில் அம்மா எட்டு மாதம் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பசியோடு வந்தவனுக்குத் தட்டு வைத்த அந்தக் கைதான் என் முதல் பள்ளிக்கூடம்.

என் தாத்தா நம் கோயிலுக்குத் தூம்பா வண்டி செய்து கொடுத்தவர். இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், கடைசிப் பயணத்தில் எல்லோரும் சமம் என்று நினைத்துக்கொள்வேன்."

எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

டிசம்பர் மூன்றாம் தேதி சவேரியார் திருவிழாவுக்கு ஃபெம்கேயையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஃபெம்கே கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நம் ஊரைப் பார்த்ததே இல்லை. சின்னம்மாவிடம் சொல்லி வை.

உன்
வளன்

*

திண்டிவனம்
9 ஆகஸ்ட் 2025

அடேய் உலகத்தின் குடிமகனே,

உண்மையைச் சொல்லச் சொன்னாய். ஒரு பக்கத்தில் ஏழு ஒற்றுப்பிழை. கடலையே நிறுத்தி வைத்திருக்கிறாய், ஒரு 'க்' போட உனக்குக் கை வரவில்லை. தேய்த்துவிட்டேன். இப்போது படித்தால் பெரிய மனுஷன் எழுதியது மாதிரி இருக்கிறது.

மேம்பாலத்துக்குக் கீழே கடை அப்படியே இருக்கிறது. மேலே லாரி போனால் கீழே கம்ப்யூட்டர் ஆடும், நானும் கூட ஆடிக்கொண்டே வேலை செய்கிறேன். கிளாரா நலம். வெனிலா எட்டாவது. அம்மா நலம் என்று எழுதக் கை போகிறது, ஆனால் இல்லை. இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறது. உனக்குப் போனில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உன் அறிமுகத்தை ஒரு தாளில் புரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தது. மூன்றாம் பத்தியில் இரண்டாவது வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சின்னம்மான்னு போட்டுக்கிறான்டா. புக்குலயா வருது இது?"

"புக்குலதாம்மா."

"மேல்தெருவுல படிப்பாங்களா?"

"அவங்கதான் மொதல்ல படிப்பாங்க."

அம்மா தாளை எட்டாக மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டது. புரூஃப் தாளைத் திருப்பிக் கொடும்மா, திருத்த வேண்டும் என்று கேட்டால், வேறு எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டது. வளன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டுக்குள் நீ சின்னம்மா என்பாய். புளியமரம் தாண்டித் தெருவுக்கு வந்தால், "ஏ இருதயமேரி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" அம்மாதான் உனக்கு அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது. "ரோட்டுல சின்னம்மான்னு சொல்லாத ராசா, அப்புறம் இங்க உன்ன வுடமாட்டாங்க." நானும் ஊருக்குள் உன்னை வாங்க போங்க என்பேன். காலையில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகுதான் நீ எனக்கு 'டேய்' ஆவாய். நாற்பது வருஷம் வீட்டுக்குள் இருந்த சொல்லை நீ தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாய். நான் அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

ஆனால் உன் நான்காவது பத்தியைப் படித்துச் சிரித்தேன். கடைசிப் பயணத்தில் எல்லோரும் சமம் என்கிறாய். உன் தாத்தா செய்த வண்டி இன்றுவரை ஒரு தடவையும் கீழ்த்தெருவுக்கு வந்ததில்லை என்பது உனக்கு நிஜமாகவே தெரியாதா? மேல்தெருச் சாவுக்கு வண்டி. எங்களுக்குத் தோள். கல்லறையும் வேறு வேறு. சாமியார் ஒருவர், பூசை ஒன்று, குழி மட்டும் இரண்டு சாதி.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், கேட்க ஒன்று இருக்கிறது. டாக்டர் ரொம்ப நாள் சொல்லவில்லை. போன வருஷப் புயலில் எங்கள் கல்லறைக்குப் போகும் ஏரிக்கால் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஐப்பசி மழையில் அங்கே தொடை அளவு தண்ணீர் நிற்கும். தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் மூன்று கிலோமீட்டர். தோளில் அவ்வளவு தூரம் ஆகாது, அந்த ரோடு மேல்தெருவுக்குள் போவதால் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். உங்கள் குடும்ப வண்டி வந்தால் வழி தானாக வரும். வண்டிக் கொட்டகையின் சாவி ஆன்டனி அண்ணனிடம் இருக்கிறது. உன் அப்பாவுக்குப் பிறகு வண்டியில் பாதி உரிமை உனக்கு. "இருதயமேரிக்கு வண்டி கொடுங்கள்" என்று அண்ணனுக்கு ஒரே ஒரு வரி எழுது. அம்மா இதைக் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது. நான் கேட்கிறேன்.

உன்
தொம்மை

*

உட்ரெக்ட்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தொம்மை,

சின்னம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இப்படி ஒன்றை மறைப்பாயா? கோபம் உன்மேல். மருத்துவத்துக்கு எது வேண்டுமானாலும் என்னிடம் கேள், கூச்சப்படாதே.

வண்டி விஷயம் எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே வளர்ந்ததைக் கண் பார்க்காமல் விட்டுவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. அண்ணனிடம் நிச்சயம் பேசுகிறேன். அவரை உனக்குத் தெரியும், நேரம் பார்த்துப் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிக்கல். மலர்க்குழுவில் புரூஃப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் போன் செய்து கத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. "சின்னம்மாவா? யாருக்கு யாருடா சின்னம்மா? அப்பாவுக்கு அவ இன்னா மொறை ஆவுது? படிக்கிறவன் அப்பிடித்தானே நெனைப்பான்! செத்துப்போன மனுசன் பேரக் கெடுக்கிறதுக்கா ஒனக்கு ஒரு பக்கம் குடுத்தோம்?"

இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. அம்மாவுக்குத் தங்கை முறை என்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் சின்னம்மா என்றால் அப்பாவின் இரண்டாம் தாரம் என்றும் நம் பக்கம் சொல்கிறோம் அல்லவா? பத்தொன்பது வருஷம் வெளியே இருந்ததில் சொற்களின் இன்னொரு முகம் மறந்துவிட்டது.

ஆகவே அந்த இடத்தில் மட்டும் 'இருதயமேரி அம்மையார்' என்று மாற்றிவிடு. மற்றபடி வரி அப்படியே இருக்கட்டும். பொருள் கெடவில்லை, மரியாதை கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன்
வளன்

*

திண்டிவனம்
5 செப்டம்பர் 2025

அன்புள்ள வளன்,

மாற்றிவிட்டேன். 'அம்மையார்' என்று போட்டுப் பார்த்தால் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த பணக்காரப் பெண்மணி மாதிரி இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சட்டை தொளதொள என்று நிற்கிறது. இருக்கட்டும்.

அண்ணன் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். செத்தவர் பெயர் கெடும் என்கிறார். என் அப்பா மிக்கேலும் செத்தவர்தான். அந்தப் பேச்சில் அவர் பெயரும் சேர்ந்துதான் கெடுகிறது. எங்கள் அம்மாவின் பெயர் கெடுவதைப் பற்றி உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நீ "தப்பாக நினைக்காதே" என்று முன்கூட்டியே எழுதிவிட்டதால் தப்பாக நினைக்கவில்லை.

நீ எங்கள் வீட்டில் சாப்பிட்டது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறாய். உன் அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் களத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, "புள்ள வாயில நீங்க துன்றதயா போட்டுக்கினு கீற?" என்று கேட்டார். அதோடு அம்மாவுக்கு உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை வேலை போயிற்று. நீ மறுநாள் வந்தபோது அம்மா உனக்குக் கருவாட்டுக் குழம்போடு களி போட்டது. நீ இன்னும் கொஞ்சம் கேட்டாய். நான் என் தட்டிலிருந்து எடுத்து வைத்தேன். இதெல்லாம் உன் அறிமுகத்தில் சேர்க்க அல்ல, சும்மா சொல்கிறேன்.

'அம்மையார்' ஆனதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. டயாலிசிஸ் போகும் நாளெல்லாம் ஷேர் ஆட்டோவில் கேட்கும், "புக்கு வந்துடுச்சாடா?" பக்கத்துக் கட்டில் பெண்மணி திருவக்கரைக்காரி, செண்பகம் என்று பெயர். அவளிடம் அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறது. "நம்ம புள்ள ஒண்ணு பாரின்ல கீது. என்னப் பத்தி எழுதிக்கிறான்." நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாவி விஷயம் பேசினாயா? நேரம் பார்த்துப் பேசுவதாக எழுதியிருந்தாய். அம்மாவிடம் அவ்வளவு நேரம் இல்லை.

தொம்மை

*

உட்ரெக்ட்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள தொம்மை,

உன் கடிதம் நெருப்பு. அப்பா அப்படிக் கேட்டிருப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆறு வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? இன்று நான் வேறு ஆள். அதையாவது நீ நம்ப வேண்டும்.

மலரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் 'அம்மையார்' என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழ்த்தெரு என்று வருவதும், களி தின்று வளர்ந்தேன் என்பதும் வீட்டில் சோறு இல்லாத குடும்பம் போலக் காட்டுகிறதாம். பெயரையும் தெருவையும் எடுத்துவிட்டு, 'ஏழைத்தாய் ஒருத்தி கையால் உண்டு வளர்ந்தவன் நான்' என்று போட்டுவிடு. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு பொதுத்தன்மை வருகிறது. எந்த நாட்டில் படித்தாலும் புரியும்.

வண்டியைப் பற்றி. தொம்மை, நான் சொல்வதை நிதானமாகக் கேள். உலகம் முழுக்க இப்படிப்பட்ட கோடுகளைப் பார்த்திருக்கிறேன். தோஹாவில் நம் ஆட்களுக்குத் தனி வாசல் இருந்தது. இங்கேயே முகம் பார்த்துத்தான் வாடகைக்கு வீடு கொடுக்கிறார்கள், அதை நானே அனுபவித்திருக்கிறேன். இவை ஒரு சாவியால் திறக்கிற பூட்டுகள் இல்லை. ஒரு வண்டி, ஒரு சாவு என்று மோதினால் ஊர் இரண்டாகும், ஜூபிலி நின்றுபோகும், பிறகு பத்து வருஷத்துக்கு யாரும் வாய் திறக்க முடியாது. தலைமுறைகள் மாற வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு நூலகம் கட்டலாம் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும். உன் பொறுப்பில் விடுகிறேன்.

என் நிலைமையும் கொஞ்சம் பார். ஃபெம்கேயை வீட்டில் ஏற்றுக்கொள்ளவே அண்ணனுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. என் மகள் பெரியப்பா வீட்டை முதல்முறை பார்க்கப்போகிறாள். அந்த இரண்டு வாரம் எந்தப் பேஜாரும் இல்லாமல் போக வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவது தப்பா?

உன்
வளன்

பின்குறிப்பு: அனுப்பும்முன் மறுபடி படித்துப் பார்த்தேன். 'ஏழைத்தாய்' என்பது எனக்கே பிடிக்கவில்லை. பொய்யாக ஒன்று இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். அந்த வரியை மொத்தமாக எடுத்துவிடு. அடுத்த வரியையும் எடுக்க வேண்டியிருக்கும், நீயே பார்த்துச் செய். சின்னம்மாவுக்கு என் மனசு தெரியும்.

*

விழுப்புரம்
14 அக்டோபர் 2025

வளன்,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன், பிழை இருக்கும்.

அம்மாவைச் சேர்த்து மூன்று நாள் ஆகிறது. கால் முகமெல்லாம் வீங்கிவிட்டது. மூச்சு இழுக்கிறது. நேற்றுச் சாமியார் வந்து நெற்றியில் அவஸ்தைத் தைலம் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். புதிதாக வந்தவர், நல்ல மனிதர். வண்டியைப் பற்றி அவரிடமும் சொன்னேன். வண்டி கோயில் சொத்து இல்லையாம், கொடுத்த குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறதாம், அவர்கள் வாய் திறந்தால் அன்றே தானே பூட்டைத் திறந்து தள்ளிக்கொண்டு வருவேன் என்றார்.

இங்கே விடாமல் மழை. ஏரி நிரம்பிவிட்டது.

மருத்துவத்துக்குக் கேள் என்றாய், நூலகம் என்றாய். நான் கேட்டது சாவி. பத்தொன்பது வருஷத்தில் உன்னிடம் நான் வேறு எதையும் கேட்டதில்லை. உன் அறிமுகத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன். சண்டை போடவில்லை. அந்த ஒரு வரிக்குப் பதிலாக அண்ணனுக்கு ஒரு வரி எழுது. நீ எழுதினால் அவர் மறுக்க மாட்டார். ஊரில் உன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு உனக்கே தெரியாது.

இன்றே எழுது.

தொம்மை

*

லிஸ்பன்
19 அக்டோபர் 2025

அன்புள்ள தொம்மை,

ஒரு மாநாட்டுக்காக லிஸ்பன் வந்திருக்கிறேன். காலை முதல் மாலை வரை கூட்டம். உன் கடிதத்தை இன்றுதான் பார்த்தேன், மன்னித்துக்கொள். சின்னம்மா எப்படி இருக்கிறார்? இங்கே ஒரு பழைய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி அவருக்காக வேண்டிக்கொண்டேன்.

உன் கடிதம் பார்த்த கையோடு அண்ணனிடம் பேசினேன். நீ நினைக்கிறதுபோல அவர் மோசமானவர் இல்லை. "மழ நாள்ல வண்டி சேத்துல எறங்கினா அச்சு ஒடஞ்சிடும். பழைய வண்டி. திருவிழாவுக்குள்ள ரிப்பேர் பண்ண முடியுமா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஆறாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஊரில் இப்படிச் செய்யுங்கள் என்று எழுதுவது எனக்கு முறையாகப் படவில்லை. உள்ளூர் நிலவரத்தை உள்ளூரில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீயே அண்ணனை நேரில் போய்ப் பார். முகத்துக்கு நேரே கேட்டால் இளகுவார்.

என் பக்கத்தில் இரண்டு வரி குறைந்ததால் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா? கோட் போட்டது வேண்டாம், சைக்கிளோடு நிற்கிறது போடு.

சின்னம்மாவிடம் சொல். டிசம்பரில் வருவேன். சின்னம்மா கையால் களி கிண்டித் தர வேண்டும், ஃபெம்கேவும் சாப்பிட வேண்டும்.

என்றும் உன்
வளன்

*

அருளம்பட்டு
2 நவம்பர் 2025, கல்லறைத் திருநாள்

மதிப்பிற்குரிய திரு. வளன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 19ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

என் தாயார் இருதயமேரி சென்ற மாதம் 23ஆம் தேதி, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காலமானார்.

தாங்கள் சொன்னபடி ஆன்டனி அவர்களை நேரில் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று கேட்டேன். தாங்கள் எழுதியதையும் போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். "உள்ளூர்ல இருக்கிறவங்க பாத்துக்கட்டும்னு எழுதிக்கிறான் பாரு. அவன் ஒரு வார்த்த 'குடு'ன்னு போட்டிருந்தா நான் இன்னா குறுக்கவா படுக்கப்போறேன்? அவனே போடலியே" என்றார். சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லைதான். நான் வந்துவிட்டேன்.

எங்கள் தெருத் தூம்பா வெறும் மரப்பெட்டி என்பது தங்களுக்கு நினைவிருக்கும். ஆறு பேர் தூக்கினோம். ஏரிக்கால் வாய்க்காலில் தண்ணீர் இடுப்பு வரை ஓடியது. சாமியாரும் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். நடுவில், பின்பக்கம் தூக்கி வந்த சகாயராஜுக்குக் கால் வழுக்கிப் பெட்டி சாய்ந்தது. உள்ளே அம்மா ஒரு பக்கமாகச் சரிந்து இடித்த சத்தம் கேட்டது. நான் முன்பக்கத் தோளில் இருந்தேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை. குழியிலும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கெட் வைத்து மாற்றி மாற்றி இறைத்தோம், நிற்கவில்லை. கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே இறக்கினோம். தண்ணீர் ஏறாமல் காப்பது தங்கள் தொழில் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வண்டியின் அச்சு பத்திரமாக இருக்கிறது.

இன்று இரண்டு கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். எங்கள் பக்கம் இன்னும் தண்ணீர் வடியவில்லை. கரையில் நின்று ஏற்றிவிட்டு வந்தோம்.

இன்னொன்றும் தெரிவிக்க வேண்டும். அம்மாவைக் குளிப்பாட்டிய பிறகு, கையில் ஜெபமாலை கோக்கக் கிளாரா ஜெபப்புத்தகத்தைத் திறந்தாள். ஆகஸ்டில் எடுத்த புரூஃப் தாள் அதில் இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து போய்விட்டது. மூன்றாம் பத்தியில் இரண்டாவது வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அந்த வரி போய்விட்டது என்று கடைசிவரை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சாவதற்கு முதல் நாளும், "புக்கு வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வையி" என்றது. சரிம்மா என்றேன். என் வாழ்நாளில் அம்மாவிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தாளை ஜெபமாலையோடு சேர்த்துக் கையில் வைத்து அனுப்பிவிட்டோம். கம்ப்யூட்டரிலும் மெயிலிலும் நான் அழித்துவிட்டதால் வேறு பிரதி என்னிடம் இல்லை. தங்களிடம் இருந்தால் அது தங்கள் விஷயம்.

தங்கள் அறிமுகம் இறுதி வடிவில் இத்துடன் இருக்கிறது. பிழை ஏதும் இல்லை, மூன்று முறை பார்த்தேன். தங்கள் தத்துவத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை என்பதோடு மூன்றாம் பத்தி முடிகிறது. பிறகு எங்கேதான் படித்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. சைக்கிள் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அச்சுக்கு அனுப்பத் தங்கள் ஒப்புதல் வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும்.

'வாங்க, போங்க' என்று எழுதுகிறேனே என்று தாங்கள் வருத்தப்படக்கூடாது. இதுவரை எழுதியதெல்லாம் கூட்டேரிப்பட்டு தாண்டி எழுதியவை. இது ஊருக்குள்ளிருந்து எழுதுவது.

டிசம்பரில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். களி கிண்ட ஆள் இல்லை. ஒருவேளை தங்கள் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று கீழ்த்தெருப் பக்கம் வந்தால், இருதயமேரி வீடு எது என்று கேளுங்கள். சின்னம்மா வீடு என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மி. தொம்மை
அச்சுக்கோப்பு